ஹாப்ஸும் ஒரு வெள்ளாட்டுக் குட்டியும்

எங்கள் பக்கத்தில் அரசியல் அறிவியல் படிக்க யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. பி.காம். கிடைக்காதவர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மார்க் பற்றாதவர்கள், போலீஸ் செலக்‌ஷனுக்கோ குரூப் தேர்வுக்கோ ஒரு டிகிரி கையில் இருந்தால் போதும் என்பவர்கள், இவர்கள்தான் கடைசிக் கலந்தாய்வில் வந்து சேருவார்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு கல்லூரியில் நான் பாடம் நடத்திய காலத்தில், முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கியவன், பள்ளிபாளையத்தில் இரவு ஷிப்டு தறி ஓட்டியவன், சேகோ ஆலைக் களத்தில் மாவு காயப்போட்ட பெண், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய்ப் பல மாதம் சுற்றிவிட்டுப் படிக்க வந்தவன். அதிகாரம் என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ‘அதிகாரம் என்பதை வரையறுத்து அதன் வகைகளை விளக்குக’ என்று வினாத்தாளில் வந்துவிட்டால், கைடில் இருக்கிற பாயிண்ட்டுகளை வரிசை மாறாமல் எழுதுவார்கள். தாம் பார்த்ததற்கும் தாம் எழுதுவதற்கும் சம்பந்தம் உண்டு என்கிற சந்தேகமே யாருக்கும் வராது.

எனக்குக் கொடுத்திருந்த தாள் மேற்கத்திய அரசியல் சிந்தனை. பிளேட்டோவில் தொடங்கி மார்க்ஸில் முடியும். அந்தப் பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் கவிஞர்களை ஊரைவிட்டே அனுப்பச் சொன்னவர். சொன்னவர் அதை உரையாடலாக, பாத்திரங்களை வைத்து, கடைசியில் செத்துப் பிழைத்த ஒரு வீரனின் கதையோடு முடிக்கிறார் என்பதை கைடுகள் எழுதுவதில்லை. நம் நிலைமை வேறு. மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையை வெள்ளைக்கார அரசு சிறையில் வைத்தது. சுதந்திரத்துக்குப் பின் சென்னை அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. இன்றைக்குக் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கே அவர் பெயர்தான். கவிஞனைத் துரத்துவது, உள்ளே தள்ளுவது, கட்டடத்துக்குப் பெயர் வைப்பது, மூன்றுமே அரசு கவிஞனைக் கையாளும் வழிகள்தான் என்று பிளேட்டோ வகுப்பில் சொல்வேன். சிரிப்பார்கள். அதோடு சரி.

நிஜமாகவே வகுப்பு மாறியது, ஒருவரையொருவர் அடித்துக்கொள்வோம் என்கிற பயத்தில்தான் மக்கள் அரசனை ஏற்றார்கள் என்ற ஹாப்ஸ் வந்தபோது. 1651-இல் வந்த ‘லெவியதான்’ நூலின் முகப்புப் படத்தை ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்கிற ராட்சத அரசன். ஒரு கையில் வாள், மறு கையில் ஆயரின் செங்கோல். கிட்டே வைத்துப் பார்த்தால் அவன் கைகளும் மார்பும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மனிதர்களால் ஆனவை. ஜெராக்ஸ் மங்கலாக இருந்ததால் எல்லோரும் தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தார்கள். எருமப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: “ஏனுங்க மேடம், இவங்க எல்லாரும் முதுகக் காட்டிட்டு நிக்கறாங்க?” எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், அதைக் கேள்வியாக யாரும் கேட்டதில்லை. ஒருத்தருக்கும் முகம் இல்லை. எல்லோரும் மேலே, அரசனின் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். கீழே ஊர் இருக்கிறது; தெருவில் சிப்பாய்கள் மாதிரி ஒரு சிலரைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. “ரேசன் கடை க்யூ மாதிரி இருக்குதுங்க” என்றான் பின் பெஞ்சில் ஒருவன்.

அந்த க்யூவைப் பிடித்துக்கொண்டுதான் ‘பூனாச்சி’யை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் 2016-இல் எழுதிய நாவல். ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டி, அதை வளர்க்கிற கிழவன், கிழவி. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம், மாடு பன்றி பக்கமே போக முடியாது, மிச்சம் ஆடுதான் என்கிற மாதிரி முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அதில் ஆட்டுக்குட்டிக்கு அரசாங்கம் காது குத்தி அடையாளம் போட வேண்டும். அதற்காக ஜனங்கள் வரிசையில் நிற்கிற இடம் ஒன்று வரும். அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தேன். வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்றால் பாதிப் பேருக்கு நேரம் கிடையாது, மீதிப் பேருக்குப் புத்தகம் கிடையாது. அதனால் வாசிப்பது எப்போதும் வகுப்பில்தான்.

வாசித்து முடித்ததும் முதலில் பேசியவன், வீட்டில் இரண்டு கறவை மாடு வைத்திருப்பவன். “எங்க மாட்டுக்கும் ஆதார் போட்டுட்டாங்க மேடம்.” போனை எடுத்துக் காட்டினான். மாட்டின் காதில் மஞ்சள் வில்லை, அதில் பன்னிரண்டு இலக்க எண். தடுப்பூசி போட வந்த டாக்டர் அடித்துவிட்டுப் போனாராம். அது இருந்தால்தான் இன்சூரன்ஸ், அது இருந்தால்தான் லோன். “நல்லதுக்குத்தானுங்க” என்றும் சேர்த்துக்கொண்டான். உடனே இன்னொருவன், “நல்லதுக்குன்னா வரிசைல நிக்கறவங்க ஏன் மெதுவாப் பேசறாங்க?” என்றான். அவன் கேட்டது நாவலில் நிற்கிறவர்களை. பேச்சு மாட்டிலிருந்து ஆதார் கார்டுக்கும், அங்கிருந்து தாலுகா ஆபீஸுக்கும் போயிற்று. பெல் அடிக்கப் போகிற நேரம், அதுவரை வாயே திறக்காத ஒருத்தன் கேட்டான்: “ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்குவாங்கங்கற பயத்துலதான ராசாவ வெச்சாங்க? இப்ப எல்லாப் பயமும் ராசா மேலயே இருக்குது. அப்பறம் பயம் எங்கீங்க கொறஞ்சுது?”

பதினேழாம் நூற்றாண்டில் ஜான் லாக் இதே கேள்வியைத்தான் போட்டார். மரநாய்க்கும் நரிக்கும் பயந்த ஆள் சிங்கத்தின் வாயில் பத்திரமாக இருப்பதாக நினைப்பானா என்று அவரும் மிருகங்களை வைத்தே கேட்டார். அடுத்த வகுப்பில் அந்தப் பத்தியைக் கொடுத்தேன். ‘லாக் ஹாப்ஸை மறுக்கும் விதம்’ என்று கரும்பலகையில் எழுதி நான் தொடங்கியிருந்தால் நோட்டில் ஏறியிருக்கும், வேறெங்கும் ஏறியிருக்காது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கதை முதலில், தத்துவவாதியின் பெயரைக் கதை முடிந்து சண்டை சூடு பிடித்த பிறகுதான் எடுப்பது. கதையைத் தத்துவத்துக்கு உதாரணமாக வைத்தால் பிள்ளைகள் உதாரணத்தைக் கேட்டுவிட்டுத் தத்துவத்தை விட்டுவிடுவார்கள். கதைக்கு முன்னால் தத்துவவாதியை நிறுத்தி, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டால்தான் அந்த ஆளைப் படிக்கத் தோன்றுகிறது.

எல்லாக் கதையும் இப்படி நடக்காது. சிலப்பதிகாரம் நடக்கவே இல்லை. நீதி, அரசன், சட்டம், தனி ஒருத்தியின் எதிர்ப்பு என்று எல்லாமே அதில் இருக்கிறது; சோஃபக்ளிஸின் ஆன்டிகனியோடு சேர்த்துவைத்து நாள் கணக்கில் பேசலாம். ஆனால் கண்ணகியை இவர்கள் பள்ளிக்கூடத்திலேயே மார்க்குக்கு எழுதி முடித்துவிட்டார்கள். பெயரைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்து மனப்பாடப் பகுதிக்குத் தயாரானது. பாண்டியன் செய்தது கொலையா, தவறான தீர்ப்பா என்று கேட்டால், “சார்பு நிலை இல்லாத அரசன்” என்று எங்கேயோ படித்த வாக்கியம் திரும்பி வந்தது. புறநானூற்றில் பிசிராந்தையார் பாட்டு கொஞ்சம் பரவாயில்லை. யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுப்பதற்கும் அதுவே வயலில் புகுந்து தின்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, வரி வாங்குகிற விதத்தைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு விளக்கிய பாட்டு. சேகோ ஆலைப் பெண் அதைக் கேட்டுவிட்டு, “வயலே இல்லாதவங்க இந்தப் பாட்டுல எங்கீங்க இருக்காங்க?” என்றாள். நல்ல கேள்வி. பாட்டில் அவர்கள் இல்லை.

வயல் இல்லாதவர்கள் வருகிற இடம் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்; அதற்கு லாக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

லாக்கின் பாடத்தில் இரண்டு முடிச்சு. ஒன்று சொத்து, இன்னொன்று சம்மதம். சொத்துக்குப் பெருமாள்முருகனின் இன்னொரு நாவல் ‘ஏறுவெயில்’ கைகொடுத்தது. 1991-இல் வந்தது. குடியிருப்புக் காலனி கட்டக் காட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பத்தின் கதை. 2018-இல் சேலம் சென்னை எட்டுவழிச் சாலைக்கு அளவுக்கல் நட ஆரம்பித்தபோது, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் அதை எடுத்துக்கொண்டு போனேன். 277 கிலோமீட்டர் சாலை. லாக்கோ, நெடுஞ்சாலையில் ஒருவன் சும்மா நடந்து போனாலே அந்த அரசுக்கு மறைமுகமாகச் சம்மதம் கொடுத்தவன் ஆகிறான் என்கிறார். “ரோட்டுல நடந்தா சம்மதம். சரிங்க. ரோடே நம்ம காட்டு மேல வந்தா?” என்று ஒருத்தன் கேட்டதற்கு, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது ஒரு பதில், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதிப்படி மறுபடி தொடங்கலாம் என்று வழிவிட்டது இன்னொரு பதில். நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க லாக்கின் கட்சி.

சம்மதத்துக்கு வந்தபோதுதான் ‘கூளமாதாரி’. கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியர் வீட்டுச் சிறுவன் கூளையன். அவன் வேலைக்கான பேச்சு அவன் அப்பனுக்கும் பண்ணையக்காரருக்கும் நடுவே முடிந்துவிடுகிறது. பையனை யாரும் கேட்கவில்லை. போன வாரம் காட்டை எடுக்கச் சம்மதம் கேட்டீர்களா என்று கொதித்தவர்களிடம் இந்த ஒப்பந்தம் செல்லுமா என்று கேட்டேன். வகுப்பு நிசப்தமாகிவிட்டது. யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிற வகுப்பு அது. ஒருவன் எழுந்து, “கதைல எங்க ஆளுங்கள மட்டும் கெட்டவங்களாக் காட்டறாங்க மேடம்” என்றான். குரலில் கோபம் இருந்தது, பொய் இல்லை. அந்தப் பண்ணையத்துக் கவுண்டச்சி பையனுக்குச் சோறு போடுகிற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவனே வாசித்தான். கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது என்று அவனே சொன்னான். ஆனால் உட்கார்ந்தபோது முகம் தெளியவில்லை.

அப்போது பள்ளிபாளையத்துப் பையன் பேச ஆரம்பித்தான். பொதுவாகத் தூங்குகிறவன், நான் எழுப்புவதில்லை. கூளையனைப் பற்றித்தான் பேசினான். அப்பன் முன்பணம் வாங்கிவிடுகிறான். அது கழியவே கழியாது. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், கலியாணம் காட்சி என்றால் மறுபடி வாங்க வேண்டிவரும். வேறு இடம் போக வேண்டுமென்றால் தீபாவளிக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள், மொத்தத்தையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதைக் கட்ட வேறு ஓனரிடம்தான் முன்பணம் வாங்க வேண்டும். “ஓனரு மாறுவான். முன்பணம் மாறாதுங்க. பாவு ஓடிட்டே இருக்கும்.” ‘கூளமாதாரி’ ஆடு மேய்க்கிறவனின் கதை. அதில் ஓனரும் கிடையாது, பாவும் கிடையாது. வகுப்பில் அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருத்தரும் திருத்தவில்லை. அவனும் கடைசி வரை ‘கூளையன்’ என்றேதான் சொன்னான்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. முன்பணத்துக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடுவதுதான் அந்தச் சட்டம் தடுக்கிற விஷயம். அதை மறுநாள் நடத்தினேன். கூளையன் தன் உழைப்புக்குச் சொந்தக்காரனா என்று பரீட்சைக்கு வெளியே ஒரு கேள்வி கொடுத்தபோது, லாக்கின் உழைப்புச் சொத்துக் கொள்கையை, ஒருவன் உடலும் அதன் உழைப்பும் அவனுடையவை என்பதை, என் மாணவர்கள் முதல் தடவையாகக் கோபத்தோடு எழுதினார்கள்.

அமெரிக்காவில் மார்த்தா நுஸ்பாம் சட்ட மாணவர்களுக்கு டிக்கன்ஸ் நாவலை நடத்திய அனுபவத்திலிருந்து 1995-இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நாவல் படிக்கிறவனுக்கு முன்பின் தெரியாத ஆளின் வாழ்க்கை உள்ளேயிருந்து தெரியவரும், நீதிபதிக்கும் குடிமகனுக்கும் அந்தக் கற்பனை வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே சரியாக இருக்கலாம். என் வகுப்பில் இரக்கத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கூளையன் பாவம் என்று சொல்லாதவர் யாரும் இல்லை, அப்படிச் சொல்லிவிட்டுச் சுகமாக வீட்டுக்குப் போகவும் முடியும். கதை எங்களுக்குக் கொடுத்தது வேறொன்று. தன் சங்கதியை அடுத்தவன் பெயரில் பேச ஒரு மறைப்பு. சொந்த அனுபவத்தைச் சொல்லு என்று நான் கேட்டிருந்தால் பள்ளிபாளையத்துப் பையன் செத்தாலும் வாய் திறந்திருக்க மாட்டான், கேட்பது அநாகரிகமும்கூட. அந்தக் கவுண்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே மறைப்பு உதவியது. தன் வீட்டு ஆட்களை விட்டுக்கொடுக்காமலே அந்தக் கவுண்டச்சியை எடை போட முடிந்தது.

இந்த மறைப்பும் எல்லா நேரத்திலும் தாங்காது என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. 2010-இல் வந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2014 டிசம்பரில் திடீரென்று பிரச்சினையானது. திருச்செங்கோட்டில் போராட்டம், கடையடைப்பு. 2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை. எழுத்தாளர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்க ஒப்புக்கொண்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் இந்த விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். பிடிக்காத புத்தகத்தைப் படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார்கள், அந்தப் பேச்சுவார்த்தை உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றார்கள், எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்று முடித்தார்கள். நாவலை வகுப்பில் தொட வேண்டாம் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள்; நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். நான் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதை நடத்தக்கூடாது என்று யாராலும் சொல்ல முடியாது அல்லவா?

ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு அதைவிட நல்ல வாசல் கிடைக்காது. சுதந்திரத்துக்கு ஆபத்து அரசாங்கத்திடமிருந்து மட்டும் வருவதல்ல, ஊர் அபிப்பிராயத்திலிருந்தும் வரும், தப்பிக்க வழியில்லாமல் அன்றாட வாழ்க்கைக்குள் புகுந்துவிடுவதால் இதுதான் கொடியது என்று 1859-இல் எழுதியவர். புத்தகத்தைத் தடை செய்தது எந்தச் சட்டம் என்று கேட்டேன். தேடினார்கள். ஒன்றும் இல்லை. அரசாணை இல்லை, கோர்ட் உத்தரவு இல்லை. அப்படியானால் யார் தடுத்தது? திருச்செங்கோட்டுக்காரன் ஒருவன் மட்டும், “ஊருக்குன்னு ஒரு மனசு இருக்குதுங்க, அதுக்கும் வலிக்கும்” என்றான். வலிக்கலாம், வலித்தவர்கள் எழுதியிருக்கலாம், மறுத்திருக்கலாம், திட்டியும் இருக்கலாம் என்பது என் கட்சி. அவன் கடைசி வரை ஒப்பவில்லை. அவன் மில்லை மறுத்து எழுதிய அசைன்மென்ட் அந்த வருஷத்தில் மிக நன்றாக இருந்தது.

தேர்வு என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எருமப்பட்டிப் பெண் செமஸ்டரில் ஹாப்ஸ் கேள்விக்கு முகப்புப் படத்தையும் பூனாச்சியையும் வைத்து மூன்று பக்கம் எழுதினாள். கைடில் இருந்த தலைப்புகள் இல்லையென்று மதிப்பெண் போட்டவர் கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியும் பெரிதாக ஏறவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் கதை, பரீட்சைக்குக் கைடு என்று எல்லோரும் ஒரு சமரசத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனால் வேலைக்கு மார்க் ஷீட்டோடு போக வேண்டியது நான் அல்லவே.

நான் நடத்தியதிலேயே எனக்குப் பிடித்தது மதுவிலக்கு வாரம். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-இல் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அங்கிருந்து ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அன்றைக்கு நாமக்கல்லும் தர்மபுரியும் இதில் அடக்கம். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. அந்த ராஜாஜி எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ குடியில் சிதைகிற ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதை, சினிமாவாகவும் வந்தது. மில்லோ மதுவிலக்குக்கு நேர் எதிரி. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டத்தைத்தான் தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்தேன்.

பெண்கள் மொத்தமாக ராஜாஜி பக்கம். கதைக்கு அழுததால் இல்லை. பார்வதி வீட்டில் நடந்தது எந்தெந்த வீட்டில் நடக்கிறது என்று அவர்களுக்கு முகவரியோடு தெரியும். நான் மில்லுக்காக வாதாடினேன். குடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றத் தவறுகிறவனைத் தண்டிக்கலாம், ஆனால் குடித்ததற்காக அல்ல, கடமை தவறியதற்காக என்று அவர் எழுதியிருக்கிறார் என்றேன். சேகோ ஆலைப் பெண் உட்கார்ந்தபடியே கேட்டாள்: “தண்டிக்கோணும்னா புகார் யாருங்க குடுக்கறது? குடுத்துட்டு அன்னிக்கு ராத்திரி எந்த வூட்டுல போய்ப் படுக்கறது?” அந்த 1859 புத்தகத்திலேயே ஓரிடத்தில், கணவன் மனைவி மேல் செலுத்தும் கொடுங்கோல் அதிகாரத்தை மில் ஒரு வரியில் தொடுகிறார், இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நகர்ந்துவிடுகிறார். அந்த வரியை அடுத்த நாள் காட்டினேன். “இங்கதானுங்களே விரிச்சுச் சொல்லோணும்” என்றாள். பத்து வருஷம் கழித்து, 1869-இல், பெண்கள் அடிமைப்பட்டிருப்பதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போட்டார் என்று சொன்னேன். எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை. இரண்டு அத்தியாயம் ஜெராக்ஸ் போட்டோம்.

மில்லுக்கு வகுப்பில் ஒரே ஒரு ஆதரவாளன் கிடைத்தான், மரமேறி வீட்டுப் பையன். 1937-இல் சட்டம் வந்தபோது அவன் பாட்டனின் அப்பா தொழில் போய் ஊரைவிட்டுப் போனவராம். “அன்னிக்குக் கள்ளக் குடிக்காதன்னாங்க. இன்னிக்கு டாஸ்மாக்ல கவர்மெண்டே விக்குது, பனையேறுனா மட்டும் கேசு. எது குடிக்கலாம்னு சொல்றதுக்கு இவிய ஆருங்க?” என்றான். சேகோ ஆலைப் பெண் விடவில்லை. கள் ஆனாலும் கவர்மெண்ட் சரக்கானாலும் தெருவில் தள்ளாடி வருகிறவன் ஒரே ஆள்தான் என்றாள். அவன் பதில் சொன்னான், அவளும் சொன்னாள், அந்த வாரம் முடிகிற வரை போயிற்று. கவனித்தபோது ஒன்று தெரிந்தது: அவன் மில்லின் நாலாம் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு பேசினான், அவள் ஐந்தாம் அத்தியாயத்தை. இரண்டையும் நான் இன்னும் முழுசாக நடத்தியிருக்கவில்லை.